குடிநீரில் மிகுந்த புளோரைட்: சுத்திகரித்த தண்ணீர் கேட்டு மீண்டும் ஒரு மனு

பிரதேச செயலாளர் அவர்கள்,
திருகோணமலை மாவட்டம்.

மதிப்பிற்குரிய ஐயா,

கந்தளாய் வீதியில் வாய்க்கால் கட்டோடு உள்ளே இறங்கினால் வரும் எங்கள் கிராமம் தங்களுக்குத் தெரியாததல்ல. வரட்சி நிவாரணக் கூட்டத்துக்குப் பள்ளிக்கூட மண்டபம் வரை வந்திருக்கிறீர்கள். குழாய்க்கிணற்றுத் தண்ணீரின் பரிசோதனை முடிவை இணைத்து நாங்கள் முன்பு அனுப்பிய கடிதங்களும் தங்கள் கோப்பில் இருக்கும். பதில் வரவில்லை. ஆகவே மறுபடியும் பணிவோடு எழுதுகிறோம்.

1. குடிநீரில் லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் புளோரைட் இருக்கக் கூடாது என்பது இலங்கைத் தரநிர்ணயம். உலக சுகாதார நிறுவனம் 1.5 வரை அனுமதிக்கிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் இந்த இரண்டு அளவையும் தாண்டிவிட்டது. இந்த வெக்கையில் வயலில் நிற்பவர் குடிக்கும் தண்ணீரும் கொஞ்சமல்ல.

2. கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னார்கள். கொதித்தால் கிருமி சாகும், புளோரைட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற மிச்சத்தில் அதன் செறிவு கூடும்.

3. எங்களை வாட்டுவது பிள்ளைகளின் பற்கள்தான். அளவோடு இருந்தால் பல்லைக் காக்கிற அதே புளோரைட், அளவு மீறினால் முரசுக்குள் பல் உருவாகும்போதே அதன் வெளிப்படலமான எனாமலைக் கெடுத்துவிடுகிறது. முளைக்கும்போதே வெள்ளைத் திட்டு, பிறகு மஞ்சள், பிறகு மண்ணிறம். நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கரியும் உப்பும் வைத்துத் தேய்த்து, அதுவும் சரிவராமல் செங்கல் தூள் வைத்துத் தேய்த்து, முரசு கிழிந்து இரத்தம் வர நின்றாள். பரிசளிப்புப் படத்தில் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிறாள். பல் தீட்டுவதில்லையா என்று வகுப்பில் கேட்டார்களாம். அவள் காலையும் இரவும் தீட்டுகிற பிள்ளை, ஐயா! தேய்த்துப் போகிற கறை இல்லை இது. எட்டு வயது வரைதான் இந்தச் சேதம் ஏற்படும். ஏற்பட்டால் ஆயுளுக்கும் நிற்கும். நீங்கள் தாமதிக்கும் ஒவ்வொரு வருடமும் முன்பள்ளிப் பிள்ளைகளின் பற்களில்தான் விழுகிறது.

4. நல்ல சாப்பாடு கொடுங்கள் என்கிறார்கள். கொடுக்கிறோம். பால், தயிர், நெத்தலி என்று கல்சியம் உள்ளவற்றைச் சேர்த்தால் உடம்பு புளோரைட்டை உறிஞ்சுவது குறையும் என்று கிளினிக்கில் சொன்னதைக் கேட்டு, முடிந்தவரை செய்கிறோம். தேயிலையிலும் புளோரைட் உண்டு என்பதால் பிள்ளைகளுக்குத் தேத்தண்ணியும் நிறுத்தியாயிற்று. சரி, அப்புறம்? சோறு வேகிறது அதே தண்ணீரில். பருப்பு அவிவதும், கைக்குழந்தைக்குப் பால்மா கரைப்பதும் அதில்தான். தண்ணீரை மாற்றாமல் சாப்பாட்டை மட்டும் மாற்றி என்ன செய்ய?

5. பல வருடங்கள் இப்படியே குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். எங்கள் முதியவர்களையும் பரிசோதிக்க வேண்டும்.

6. தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டி வந்தால் வந்ததுதான். கேன் தண்ணீர் வாங்கக் கூலி வேலைக்குப் போகிறவரிடம் காசு எங்கே? கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் சுத்திகரிக்கப்பட்டுத் திருகோணமலை நகரம் வரை குழாயில் போகிறது. பக்கத்தில் இருக்கிற எங்களுக்கு ஒரு கிளைக்குழாய் இழுக்க முடியாதா?

குழாய் வரக் காலம் எடுக்கும் என்றால், அதுவரை பள்ளிக்கூட வளவில் தண்ணீரை நுண்ணிய சவ்வு வழியே அழுத்திப் புளோரைட்டைப் பிரிக்கும் ஒரு ஆர்.ஓ. சுத்திகரிப்பு இயந்திரம் வையுங்கள். இடம் தருகிறோம், பராமரிக்க ஆள் தருகிறோம். அதுவும் உடனே ஆகாது என்றால், முன்பள்ளிக்கும் கைக்குழந்தை உள்ள வீடுகளுக்குமாவது பவுசர் தண்ணீரை ஒழுங்காக அனுப்புங்கள். தயவுசெய்து, ஐயா, முதலில் அந்தச் சின்னப் பிள்ளைகளுக்கு. கவனத்தில் எடுக்கப்பட்டது என்ற ஒற்றை வரி வேண்டாம். எது, எந்தத் திகதிக்குள் என்று எழுத்தில் பதில் தாருங்கள்.

இங்ஙனம்,
கிராம மக்கள் சார்பில்,
மாதர் சங்கத்தினர்