ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வருகை தந்துள்ள உறுப்பினர்களுக்கும், வராத உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு செயற்குழு ஒன்பது முறை கூடியது. கருவூல நேர்காணலுக்கு நேரில் செல்ல இயலாதவர்களுக்கு வாழ்நாள் சான்று வீட்டிலேயே பெற்றுத் தரப்பட்டது. டிசம்பர் 17 ஓய்வூதியர் நாள் வழக்கம்போல் நடந்தது. அக்டோபர் 2 அன்று, காந்தியடிகளின் அஸ்தி வைக்கப்பட்டிருந்த இடத்தில் நண்பகல் வெயில் விழுவதைக் காணக் கன்னியாகுமரி காந்தி மண்டபத்துக்கு வேன் ஏற்பாடு செய்தோம். பாதி இருக்கைகள் காலியாகவே சென்றன.

அந்தப் பயணத்தை ஆண்டுதோறும் முன்னின்று நடத்தியவர் இம்முறை இல்லை. நாம் அனைவரும் ‘கணக்கு சார்’ என்றே அழைத்துவந்த மூத்த உறுப்பினர், கடந்த ஆகஸ்டில் தமது 92ஆம் வயதில் காலமானார். தம் பெயரைக் கல்லிலோ தாளிலோ எங்கும் பொறிக்கக் கூடாது என்று எழுதி வைத்திருந்ததால், இவ்வறிக்கையிலும் அவர் பெயர் இல்லை. ஆண்டறிக்கையில் ஒருவருக்கு இவ்வளவு இடம் எதற்கு என்று செயற்குழுவிலேயே ஒரு குரல் எழுந்தது. படித்து முடித்த பிறகும் அப்படித் தோன்றினால், அதைக் குறிப்பேட்டில் பதிவு செய்ய எனக்கு ஆட்சேபம் இல்லை.

1957 ஏப்ரலில் வினோபா பாவே கன்னியாகுமரிக்கு வந்து, கிராம சுயராஜ்யம் கிட்டும்வரை நடைப்பயணத்தை நிறுத்துவதில்லை என்று கடற்கரையில் உறுதி பூண்டபோது, வேலையில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத நம் சார் கூட்டத்தில் நின்றிருந்தார். அதே ஆண்டு கேரளத்தில் வினோபா சாந்தி சேனையைத் தொடங்கினார். ஐயாயிரம் பேருக்கு ஒரு தொண்டர் வேண்டும், அமைதியான காலத்தில் அவர் வீடு வீடாகச் சென்று சேவை செய்ய வேண்டும், கலவரம் வந்தால் உயிரைப் பணயம் வைத்து நடுவில் நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்துக்கு ஏறத்தாழ பத்து லட்சம் என்று வந்ததும், சார் தம் நோட்டில் இரண்டு வரிகள் எழுதினார்: ‘தேவை 200. கையிருப்பு 1.’ அந்த நோட்டை நான் கண்ணால் பார்த்தேன். கணக்கு வாத்தியாருக்கே உரிய அடிக்கோடு இரண்டு வரிகளுக்கும் கீழே இருக்கிறது.

அவர் வீட்டுச் சமையலறையில் ஒரு சிறு மண்கலயம் உண்டு. சாந்தி சேனைக்காக வினோபா சொன்ன சர்வோதயப் பாத்திரம் அது. வீட்டுக் குழந்தை தினமும் ஒரு கைப்பிடி அரிசி போட வேண்டும். குழந்தையின் கைப்பிடிதான், பெரியவர்களுடையது அல்ல. முதலில் மகள் போட்டாள், பின்பு பேத்தி, கடைசியாகக் கொள்ளுப்பேரன். நாட்டில் சாந்தி சேனை ஓய்ந்து வெகுகாலம் ஆன பிறகும் அந்தக் கலயம் ஓயவில்லை.

1982 மார்ச் 1 அன்று மண்டைக்காட்டில் பகவதி அம்மன் கோயிலின் மாசிக் கொடை விழாவின்போது இந்துக்களுக்கும் கிறிஸ்தவ மீனவர்களுக்கும் இடையே மூண்ட கலவரமும் துப்பாக்கிச்சூடும் இங்கு பலருக்கு நினைவிருக்கும். குன்றக்குடி அடிகளார் வந்து அமைதிப் பணி செய்ததும் நினைவிருக்கும். கடற்கரை ஊர்களுக்கும் உட்பகுதி ஊர்களுக்கும் இடையே போக்குவரத்தே அற்றுப்போன அந்த நாட்களில், நம் சார் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, கடவம் என்னும் ஓலைக்கூடையைத் தலையில் சுமந்து மீன் விற்க வந்த பெண்களுக்கு முன்னால் குடையுடன் நடந்தார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை. எனக்கே கடந்த செப்டம்பர் நினைவுக் கூட்டத்தில்தான் தெரிந்தது. அழைப்பிதழ் இல்லாமல், இரண்டு பஸ் மாறி வந்திருந்த ஒரு பாட்டி அதைச் சொன்னார்: “எங்கள எந்தத் தெருவுலயும் கூப்பிடமாட்டாங்க. சார்தான் முதல்ல ரெண்டு சாளை வாங்கிப் போணி பண்ணுவாரு. அவரு மீனே திங்கமாட்டாருன்னு பொறவுதான் எங்களுக்குத் தெரியும்.” வாங்கிய மீனை அவர் யாருக்குக் கொடுத்தார் என்று கேட்டேன். தெரியாது என்றார்.

2004 சுனாமிக்குப் பின், எழுபத்திரண்டு வயதில், குளச்சல், மணக்குடிப் பகுதிகளில் ரேஷன் கார்டையும் பள்ளிச் சான்றிதழையும் கடலுக்குக் கொடுத்தவர்களுக்காக மாதக்கணக்கில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்தார். ஓர் அலுவலகத்தில் அதே மனுவை நான்கு முறை திருப்பி அனுப்பினார்கள். ஐந்தாம் முறையும் அதே கையெழுத்தில் எழுதிச் சென்றார்.

நினைவுக் கூட்டத்துக்கு அறுபது நாற்காலிகள் வாடகைக்கு எடுத்திருந்தேன். 143 உறுப்பினர்களில் வந்தவர்கள் 19 பேர். கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவர்கள் அதைவிட அதிகம் என்பதால் நாற்காலிகள் வீணாகவில்லை. ஆனால் வரவேற்புரையில் ‘சங்கத்தின் சார்பில்’ என்று சொல்லும்போது எனக்குச் சற்றுக் கூச்சமாக இருந்தது. அன்று முழங்கால் வலி என்று தெரிவித்த சிலரை அதே மாலையில் ஒரு நிச்சயதார்த்த விருந்தில் கண்டதாகவும் கேள்வி.

நினைவு மலர் பற்றி: 48 பக்கங்களில், 300 படிகள் அச்சிடப்பட்டன. செயற்குழுவின் அனுமதி வாய்மொழியாகப் பெறப்பட்டது. எழுத்தில் பெறாதது என் தவறுதான். அச்சகத்தார் ஒரு பக்கத்தைத் தலைகீழாகக் கட்டிவிட்டார்கள். மதிப்பீட்டைவிடச் செலவு கூடிவிட்டது. எனினும் பாட்டி சொன்னதையும் அந்த இரண்டு வரிக் கணக்கையும் இன்று எழுதாவிட்டால் அடுத்த ஆண்டு எழுத யார் இருப்பார்கள் என்ற கவலையில் செய்தேன். சொந்தப் பெருமைக்காகச் செய்ததாகப் பேசப்படுவது எனக்கும் தெரியும்.

வரவு செலவு ஏறக்குறைய சரியாகவே உள்ளது. சிறு பற்றாக்குறை நலநிதியிலிருந்து தற்காலிகமாக ஈடு செய்யப்பட்டுள்ளது; விவரங்களைப் பொருளாளரிடம் காணலாம். ஆண்டுச் சந்தா 200 ரூபாய். அகவிலைப்படி உயர்வு அறிவிப்பு வந்தால் காலை ஆறு மணிக்கே தொலைபேசியில் விசாரிக்கும் உறுப்பினர்கள் சிலர், மூன்று ஆண்டுச் சந்தா பாக்கியை நினைவூட்டினால் வீட்டில் இல்லை.

தணிக்கையாளருக்கும், மண்டபத்தை வாடகையின்றி அளித்தவர்களுக்கும், தேநீர் வழங்கிய மகளிர் அணியினருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பொறுப்பில் தொடரும் எண்ணம் எனக்கு இல்லை. ஆயினும் கலயத்தைச் சாரின் குடும்பத்தார் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார்கள். கடற்கரைப் பள்ளிகளில் மாதம் ஒரு முறை கணக்குப் பாடம் நடத்த ஐந்து பேர் கிடைத்தால், என் முடிவை மறுபடி யோசிக்கலாம். இதுவரை என்னுடன் ஒருவர் பெயர் கொடுத்திருக்கிறார்.

கடைசியாக ஒன்று. தொண்ணூறு வயதுவரை சந்தா வசூலித்தவர் கணக்கு சார்தான். அவரது ரசீதுப் புத்தகத்தில் 61ஆம் எண்வரை முழுமையாக உள்ளது. 62இல் பெயரை எழுதி, தொகையை எழுதாமல் விட்டிருக்கிறார். அந்த உறுப்பினர் இன்று வந்திருக்கிறார். பெயரை நான் படிக்கப் போவதில்லை. கூட்டம் முடியும்வரை புத்தகம் பொருளாளரின் மேசையில் இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்