நன்கொடை கேட்கிறீர்கள், கருத்தையும் கேளுங்கள்

கிழக்கு மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கும், திருகோணமலைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கும், மாவட்டத்தின் வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்களில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

எங்கள் வைத்தியசாலைகளுக்கு மக்கள் கொடுத்தது கொஞ்சமல்ல. கட்டில், மின்விசிறி, சக்கர நாற்காலி, தண்ணீர்த் தாங்கி என்று வார்டுச் சுவர்களில் எழுதியிருக்கும் பெயர்களை வாசித்துக்கொண்டே போகலாம். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் தாயின் நினைவாக அனுப்பியது, பள்ளிவாசல் ஜமாஅத் சேர்த்துக் கொடுத்தது, கோயில் திருவிழாக் கணக்கில் மிஞ்சியது. கேட்டபோதெல்லாம் கொடுத்தோம், இனியும் கொடுப்போம். ஆனால் கொடுத்தவர்களிடம் இந்தச் சேவை எப்படி நடக்கிறது என்று எவரும் கேட்டதில்லை. குழுக்களில் கடை முதலாளிகளும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் ஊர்ப் பெரியவர்களும் இருக்கிறார்கள். நல்லவர்கள்தான், உழைப்பவர்கள்தான். விடியற்காலையில் கிளினிக் கொப்பியோடு வரிசையில் நிற்பவர்கள் மட்டும் அங்கே இல்லை.

அந்த வரிசைக்கு என்ன தெரியும் என்று நினைக்கலாம். எங்களுக்கு மருத்துவம் தெரியாது, எந்த மாத்திரை எழுத வேண்டும் என்று சொல்ல வரவும் இல்லை. ஆனால் நம்பர் கொடுக்கும் நேரத்துக்கு நகரத்துக்கு வந்து சேர, வெருகலில் இருக்கும் ஒருவர் எத்தனை மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும்? புல்மோட்டையிலிருந்து நகரத்துக்கு ஐம்பது கிலோமீற்றருக்கு மேல். கர்ப்பிணிப் பெண்ணோ, காலில் புண்ணுள்ள நீரிழிவு நோயாளியோ அந்தத் தூரத்தைப் பஸ்ஸில் வருகிறார். அட்டவணை போடுகிறவருக்கு இது தெரியாமலிருப்பது குற்றமல்ல. கேட்டுத் தெரிந்துகொள்ள ஓர் ஏற்பாடு இல்லாமலிருப்பதுதான் குற்றம்.

2017 மார்ச்சில் கிண்ணியாவில் டெங்கு பரவியபோது பாடசாலைகளையே மூட வேண்டி வந்தது. நாடு முழுவதும் அந்த ஆண்டு ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் எத்தனை வளவுகளைத்தான் ஏறி இறங்கிப் பார்ப்பார்? எந்தக் கிணறு பாழடைந்து கிடக்கிறது, எந்தத் தாங்கிக்கு மூடியில்லை என்பதெல்லாம் அந்தந்தத் தெருப் பெண்களுக்கு அத்துப்படி. அதைச் சொல்வதற்கு அவர்களுக்கு ஓர் இடம் வேண்டும். நோய் வந்த பிறகு வீதியில் இறங்கிக் கத்துவதை அந்த இடமாகக் கொள்ள முடியாது.

முறைப்பாட்டுப் பெட்டி இருக்கிறதே என்பீர்கள். ஒரு கிளினிக்கில் நான் கண்டதைச் சொல்கிறேன். எழுதிய மூன்று மருந்தில் ஒன்று இல்லை, வெளியே வாங்கச் சொல்லித் துண்டு கொடுத்தார்கள். துண்டை வாங்கிய அம்மா அதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். மாதாமாதம் இப்படித்தானாம். எழுதிப் பெட்டியில் போடலாமே என்றேன். அடுத்த மாதமும் இதே யன்னலுக்குத்தானே வர வேண்டும் என்றார். அவர் ஊழியர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை, பயத்தைத்தான் சொன்னார். முறையிட்டால் முகம் கோணுவார்கள் என்ற பயம். பணக்காரருக்கு அது இல்லை, அவர் தனியார் மருத்துவரிடம் போய்விடுவார். இலவச மருத்துவத்தை மட்டுமே நம்பியிருப்பவருக்குத்தான் வாய் திறக்க அவ்வளவு தயக்கம். பெட்டிக்குப் பூட்டு இருக்கிறது, அந்தத் தயக்கத்தைப் போக்கும் வழி இல்லை. போட்ட கடிதத்துக்கு என்ன நடந்தது என்றும் யாரும் அறியார்.

1978இல் உலக நாடுகள் கூடி வெளியிட்ட அல்மா அட்டா பிரகடனம், சுகாதார சேவையைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்குகொள்வது மக்களின் உரிமையும் கடமையும் என்றது. பிரேசில் 1990இல் அதைச் சட்டமாகவே ஆக்கியது: அங்கே சுகாதார மன்றங்களில் பாதி ஆசனங்கள் சேவையைப் பெறுகிறவர்களுக்கு. இங்கிலாந்தில் 1974இல் சமூக சுகாதார மன்றங்கள் தொடங்கின. அவை பிறகு கலைக்கப்பட்டு, வேறு பெயரில் வந்து, மறுபடியும் பெயர் மாறின. பலகையை மாற்றுவதில் எல்லா நாட்டு அரசாங்கங்களுக்கும் ஒரே ஆர்வம்தான் போலிருக்கிறது.

நம் நிலைமை இன்னும் மோசம். 1987ஆம் ஆண்டில் அரசியலமைப்புக்கு வந்த 13ஆவது திருத்தம் சுகாதாரத்தை மாகாணத்துக்குத் தந்தது. கிழக்கு மாகாண சபையின் காலமோ 2017 செப்டம்பரில் முடிந்தது. அதன் பிறகு ஆளுநரும் அதிகாரிகளும்தான். நாங்கள் வாக்களித்து அனுப்பிய ஒருவர் எழுந்து நின்று சுகாதாரத்தைப் பற்றிக் கேள்வி கேட்கும் மாகாண சபை இல்லை. அதனால்தான் இந்தக் குழுக்களில் எங்களுக்கு இடம் கேட்பது அவசரமாகிறது.

ஒவ்வொரு வைத்தியசாலைக் குழுவிலும் பாதி இடத்தைத் தொடர்ந்து கிளினிக்குக்கு வருபவர்களுக்கும் அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் ஒதுக்குங்கள். அதில் பெண்கள் பாதிக்குக் குறையக் கூடாது. யாருடைய சிபாரிசும் வேண்டாம். விருப்பம் தெரிவிப்பவர்களின் பெயர்களைத் திருவுளச்சீட்டில் எடுங்கள். கூலி வேலையை விட்டு வருகிறவருக்குப் பஸ் காசையும் அன்றைய கூலியையும் கொடுங்கள், இல்லையேல் மறுபடியும் வசதியுள்ளவர்தான் வருவார். கூட்டத்தை எப்போதும் நகரத்திலேயே வைக்காமல் ஈச்சிலம்பற்றிலும் குச்சவெளியிலும் கோமரங்கடவலையிலும் வையுங்கள். பேசியதையும் முடிவெடுத்ததையும் தமிழிலும் சிங்களத்திலும் வெளிநோயாளர் பிரிவுச் சுவரில் ஒட்டுங்கள். முறைப்பாடு எழுதியவரின் பெயர் அந்த வார்டுக்கோ கிளினிக்குக்கோ போகாதபடி குழுவே அதை வாங்கட்டும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஒரு விண்ணப்பத்துக்கு 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தைச் சொல்லச் சொல்கிறது. முறைப்பாட்டுக்கும் அதே கெடு போதும். முடியாது என்பதே பதிலானாலும் அதைக் காரணத்தோடு எழுத்தில் தாருங்கள்.

இதனால் ஊழியர்களுக்கு இடைஞ்சல் என்று நினைக்க வேண்டாம். நிபுணர் ஒருவர் இடமாற்றலாகிப் போய் அந்த இடம் வெறுமையாகக் கிடக்கும்போது நீங்கள் கொழும்புக்கு எழுதுகிறீர்கள். அந்தக் கடிதத்தோடு மூன்று இனத்து நோயாளர்களும் கையெழுத்திட்ட ஒரு கடிதமும் போனால் அதன் கனம் வேறு. இரவில் ஒரு வார்டை ஒற்றையாகப் பார்க்கும் தாதியின் பாட்டை எங்களைவிட அருகிலிருந்து பார்த்தவர் யார்?

குழுக்களின் அடுத்த கூட்டங்கள் எந்தத் திகதியில், எங்கே நடக்கின்றன என்பதை இந்த மாதமே ஒவ்வொரு வைத்தியசாலை வாசலிலும் எழுதிப் போடுங்கள். அனுமதி உண்டென்றால் பார்வையாளராகவேனும் வந்து உட்காருகிறோம்.

இப்படிக்கு,
நீரிழிவு கிளினிக்குக்கு மாதாமாதம் வரும் ஒருத்தி
திருகோணமலை