ஹெரெஸில் ஓடிய 21 சுற்றுகள்

கோவை,
14-12-2014

அன்புள்ள சண்முகத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகனுக்கு வேலை உறுதியானதில் எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் மகிழ்ச்சி. என் மூட்டு வலி அப்படியேதான் இருக்கிறது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஃபார்முலா 1 கார் பந்தயத்தில் சீசனுக்கு முந்தைய சோதனை ஓட்டங்களை வைத்து எதையும் கணிக்க முடியாது, ஜனவரியில் ரெட் புல் அணிக்குப் பத்திரிகைகள் வைத்த ஒப்பாரியே அதற்குச் சாட்சி என்று எழுதியிருக்கிறாய். அதில் பாதியை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

ஸ்பெயினில் உள்ள ஹெரெஸ் களத்தில் ஜனவரி 28 முதல் 31 வரை நடந்ததை நினைத்துப் பார். தொடர்ந்து நான்கு ஆண்டுகள் பட்டம் வென்ற அணி, 2013-இன் கடைசி ஒன்பது பந்தயங்களையும் அதன் ஓட்டுநர் வெட்டல் ஒருவரே வென்று கொடுத்த அணி, அந்த நான்கு நாட்களில் ஓடியது மொத்தம் 21 சுற்றுகள். ஒரு சுற்று 4.428 கிலோமீட்டர் என்றால் நூறு கிலோமீட்டர்கூடத் தேறவில்லை. மெர்சிடிஸ் அணியோ 309 சுற்றுகள் ஓடியது. அவர்களுக்கும் முதல் நாளே முன் இறக்கை உடைந்து அவர்களின் ஓட்டுநர் ஹாமில்டனின் கார் தடுப்பில் போய் மோதியது; ஆனால் அது மறுநாளே சரிசெய்துவிடக்கூடிய கோளாறு.

ரெட் புல்லின் நோய் ஓரிடத்தில் இல்லை. 2.4 லிட்டர் வி8 எஞ்சின் போய் 1.6 லிட்டர் வி6 டர்போ, அதாவது எக்ஸாஸ்ட் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் கருவி பொருத்திய எஞ்சின், வந்த ஆண்டு அது. பிரேக் பிடிக்கும்போது கிடைக்கும் சக்தியைச் சேமிக்க ஒரு மின் மோட்டார், டர்போவின் அச்சிலேயே இன்னொரு மின் மோட்டார், இரண்டுக்கும் பொதுவாக ஒரு பேட்டரி என்று எல்லாம் புதிது. ரெட் புல் காரில் இருந்த ரெனோ எஞ்சினில் முதலில் பேட்டரிப் பெட்டிக்குள் இருந்த ஒரு துணைப் பாகம் மக்கர் செய்தது. அதைச் சமாளித்ததும் டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் முறை தகராறு செய்தது. இதற்கு மேல், காற்றைக் கிழித்துச் செல்ல வேண்டும் என்பதற்காக அணியின் வடிவமைப்பாளர் ஏட்ரியன் நியூவி காரின் பின்பகுதியை மிகவும் இறுக்கமாக வரைந்திருந்ததால், எக்ஸாஸ்ட் குழாய்க்கு அருகில் இருந்த கார்பன் உறையே கருகிப் புகைந்தது. ஒரு பழுதைத் தேடிப் போனால் வழியில் வேறொரு பழுது நிற்கும். நம் பட்டறையில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்!

மெர்சிடிஸ் வேறு வழியில் யோசித்திருந்தது. டர்போவில் காற்றை அழுத்தும் பகுதியை எஞ்சினின் முன்பக்கமும், எக்ஸாஸ்டில் சுழலும் பகுதியைப் பின்பக்கமும் வைத்து, நடுவில் நீண்ட அச்சால் இணைத்துவிட்டார்கள். சூடான பகுதியும் குளிர்ச்சியாக இருக்க வேண்டிய பகுதியும் பிரிந்து நின்றன. குழாய்களின் நீளமும் குறைந்தது. இதைப் பார்த்துக் காப்பியடிக்க மற்றவர்களுக்கு நேரமில்லை, ஏனென்றால் பிப்ரவரி 28-க்குப் பிறகு எஞ்சினின் திறனைக் கூட்டும் மாற்றங்களுக்கு அந்த ஆண்டு அனுமதி கிடையாது. சீசன் தொடங்கும் முன் எல்லோருக்கும் கிடைத்தது பன்னிரண்டு நாட்கள்தான். அதில் நான்கை ரெட் புல் கேரேஜிலேயே கழித்துவிட்டது.

சீசனின் முதல் பந்தயமான மெல்போர்னில் ரெட் புல்லின் இன்னொரு ஓட்டுநர் ரிக்கியார்டோ இரண்டாவதாக வந்ததை நீ மறக்கவில்லை. எரிபொருள் பாயும் அளவு மணிக்கு நூறு கிலோ என்ற வரம்பைத் தாண்டியதற்காகத் தகுதி இழந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வெட்டல் சில சுற்றுகளிலேயே ஒதுங்கினார். ஆனால் முதல் இடத்திலிருந்து புறப்பட்ட ஹாமில்டனும் ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் வெளியேறினார் என்பதால், நிறையச் சுற்றுகள் ஓடிய கார் பழுதே ஆகாது என்று நானும் சொல்லமாட்டேன். கனடா, ஹங்கேரி, பெல்ஜியம் மூன்றிலும் ரிக்கியார்டோ வென்றதைப் பார்த்தால், அந்தக் காரின் உடம்பில் குறையில்லை, எஞ்சின் என்ற இதயத்தில்தான் குறை என்று தெரிகிறது. மீதி பதினாறு வெற்றிகளும் மெர்சிடிஸுக்கு. அணிகளின் புள்ளிக் கணக்கில் மெர்சிடிஸ் 701, ரெட் புல் 405.

ஆகவே என் கட்சி இதுதான்: சோதனை ஓட்டத்தின் நேரப் பட்டியலை நம்பாதே, எவன் எவ்வளவு எரிபொருளோடு ஓடினான் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஓடிய சுற்றுகளின் எண்ணிக்கையில் ஒளித்து வைக்க ஒன்றுமில்லை. போன மாதம் அபுதாபியில் மெக்லாரன் அணி தன் காரில் புதிய ஹோண்டா எஞ்சினை வைத்து இரண்டு நாட்கள் சோதித்தது; ஓடியது ஐந்தே சுற்றுகள். மூன்று நாட்களுக்கு முன்புதான் அலோன்சோவும் பட்டனும் அதை ஓட்டப்போவதாக அறிவித்திருக்கிறார்கள். நீ அலோன்சோவின் பரம ரசிகன் என்பதால் இதை எழுதவே தயக்கமாக இருந்தது. பிப்ரவரி 1-ஆம் தேதி மறுபடியும் ஹெரெஸ். அதற்குள் உன் கணிப்பை எழுதி அனுப்பிவிடு.

அன்புடன்,
ராமநாதன்