திடலில் எழுந்த தெருவுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

மதிப்பிற்குரிய வளாகப் பணியாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பிற துறை மாணவ நண்பர்களுக்கும் திரைப்படத் துறை மாணவர்களின் வணக்கம்.

விளையாட்டுத் திடலுக்குப் பின்னால் வெறுமையாகக் கிடந்த நிலத்தில் பழைய தெரு ஒன்றின் முகப்பை நாங்கள் எழுப்பியதையும், இந்தப் பருவத்து மாணவர் குறும்படங்கள் பலவும் அங்கேயே படமானதையும் நீங்கள் அறிவீர்கள். திரையிடலன்று கைதட்டல் இயக்கியவர்களுக்கும் நடித்தவர்களுக்கும் கிடைத்தது. அந்தத் தெருவை நிற்க வைத்தவர்களில் பெரும்பாலோர் எங்கள் துறையைச் சேராதவர்கள். அவர்களுக்குச் சேர வேண்டிய நன்றியை எல்லோரும் அறியச் சொல்லவே இம்மடல்.

முதல் நன்றி தச்சுப் பட்டறைக்கும் கட்டடப் பொறியியல் மாணவர்களுக்கும் உரியது. உள்ளரங்கில் போடும் செட் தன் எடையைத் தாங்கினால் போதும். திறந்த வெளியில் நிற்பதோ காற்றையும் தாங்க வேண்டும். எட்டுக்கு நான்கடி பிளைவுட் பலகை ஒன்றின் பரப்பு 32 சதுர அடி. அத்தகைய பலகைகளைச் சட்டத்தில் அடித்து வரிசையாக நிறுத்தினால் அது காற்றுக்கு விரித்த பாய்மரமேதான். காற்றின் வேகம் இரு மடங்கானால் சுவரின் மேல் விழும் அழுத்தம் நான்கு மடங்காகிறது. பொறியியல் மாணவர்கள் இதைக் கணக்கிட்டு, முட்டுக் கட்டைகளைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி ஊன்ற வேண்டும், அவற்றின் அடியில் எவ்வளவு எடைக்கு மணல் மூட்டை கிடக்க வேண்டும் என்பதைச் சட்டம் சட்டமாக வரைந்து தந்தார்கள்.

அந்த வரைபடத்தை வாங்கிப் பார்த்த தச்சர் ஐயா, முட்டுகளை ஆணியால் அறையாமல் போல்ட் போட்டு இறுக்கினார். ஒரு படத்தில் கடையாக இருந்த முகப்பு அடுத்த படத்தில் வீடாக வேண்டுமானால், கழற்றி மாட்ட வசதி இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். கதவுக்குப் பின்னால் சில அடி தள்ளி ஒரு சிறு சுவரை நிறுத்தச் சொன்னவரும் அவரே. நடிகர் கதவைத் திறக்கும்போது திடலும் கோல்போஸ்டும் தெரிந்தால் தெரு பொய்யாகிவிடும். அந்தச் சிறு சுவரில் ஒரு நாட்காட்டியையும் ஒரு பழைய சட்டையையும் மாட்டியதும் உள்ளே ஆள் குடியிருக்கும் வீடு பிறந்துவிட்டது.

குழி தோண்டாமல் மணல் மூட்டைகளை நம்பியதற்குக் காரணம், அந்த மண்ணுக்கடியில் ஓடும் மின்கம்பிகளும் குடிநீர்க் குழாய்களும். பராமரிப்புப் பிரிவினர் பழைய வரைபடத்தோடு வந்து, அவை செல்லும் தடத்தைச் சுண்ணாம்புத் தூளால் கோடிட்டுக் காட்டினார்கள்.

தோட்டப் பணியாளர்களுக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் பெரிது. வெளிப்புறப் படப்பிடிப்பில் ஒளியமைப்பின் பாதி, செட் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்பதிலேயே முடிந்துவிடுகிறது. வானில் சூரியன் மணிக்குச் சுமார் 15 பாகை நகர்கிறது. திரையில் இரண்டே நிமிடம் ஓடும் உரையாடலை எடுக்க நான்கு மணி நேரமானால், முதல் ஷாட்டில் விழுந்த நிழல் கடைசி ஷாட்டில் வேறெங்கோ விழும். 1893இல் எடிசன் கட்டிய படப்பிடிப்புக் கூடம், வெயிலைப் பின்தொடர்ந்து திரும்பும்படி வட்டத் தண்டவாளத்தின் மேல் அமைக்கப்பட்டிருந்தது. நம் தெரு திரும்பாது. ஆகவே எந்தப் பொழுதில் எந்த மரத்தின் நிழல் எதுவரை நீளும் என்பதை ஆண்டு முழுதும் அந்த மண்ணில் நிற்பவர்களிடம்தான் கேட்டோம். அவர்கள் சொன்ன திசையிலேயே முகப்பு நிற்கிறது. வேர் பரவிய மண்ணில் பாரம் ஏற்றினால் மண் இறுகி மரம் வாடும் என்று அவர்கள் எடுத்துச் சொன்னதால் மூட்டைகளையும் தள்ளி வைத்தோம். மரம் நலமாக இருக்கிறது.

நுண்கலைத் துறை நண்பர்கள் சுவருக்கு வயது தந்தார்கள். ஜன்னல் விளிம்புக்குக் கீழே மழைநீர் வழிந்த கறை, தாழ்ப்பாளைச் சுற்றிக் கைபட்டுப் படிந்த அழுக்கு, தரையை ஒட்டி ஏறிய ஈரப் பச்சை என்று ஒவ்வொன்றையும் நீர்த்த வண்ணத்தால் ஒற்றி ஒற்றி உருவாக்கினார்கள். புதிதாகப் பூசிய சுவரைக் கேமரா உடனே காட்டிக் கொடுத்துவிடும் என்பது செட் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மின்பிரிவினர் அருகிலிருந்த கட்டடத்திலிருந்து தனி இணைப்புத் தந்ததால் ஜெனரேட்டர் தேவைப்படவில்லை. வசனங்களை அங்கேயே, அதே நேரத்தில் பதிவு செய்ய முடிந்தது அதனால்தான். 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியைப் பொருத்தி, கேபிள் இணைப்புகள் அனைத்தையும் ஈரத் தரையில் படாமல் மரக்கட்டைகளின் மேல் தூக்கி வைத்த பிறகே இரவுக் காட்சிகளுக்கு அனுமதித்தார்கள். அந்தக் கண்டிப்புக்குத் தனியாக ஒரு நன்றி. காவலர்களுக்கும், துப்புரவுப் பணியாளர்களுக்கும், "சைலன்ஸ்" என்று நாங்கள் கூவும்போதெல்லாம் நடையை நிறுத்திக் காத்திருந்த எல்லோருக்கும் நன்றி.

மாணவர் படங்களுக்கு வெளிப்புறச் செட் ஆடம்பரம், உண்மையான தெருவே போதுமே என்று கேட்பவர்கள் உண்டு. உண்மையான தெருவில் வண்டிகளை நிறுத்தச் சொல்ல மாணவருக்கு அதிகாரம் இல்லை. எட்டாவது டேக்குக்கு யாரும் காத்திருக்க மாட்டார்கள். கேமரா பின்னால் போக இடமில்லை என்றால் சுவரைக் கழற்றவும் முடியாது. முதலாண்டு மாணவி ஒருவர் தன் முதல் இரவுக் காட்சியைப் பதற்றமின்றி, பாதுகாப்பாக எடுக்க வளாகத்துச் செட்டே வழி செய்தது. இதை உணர்ந்து நிலத்தை ஒதுக்கித் தந்த நிர்வாகத்துக்கும், கையெழுத்திட்டுப் பொறுப்பேற்ற எங்கள் ஆசிரியர்களுக்கும் மனமார்ந்த நன்றி.

தெரு அடுத்த பருவத்திலும் நிற்கும். மழைக்கு முன் பலகைகளின் விளிம்புகளுக்கு மீண்டும் வண்ணம் பூசி, போல்ட்டுகளைச் சரிபார்க்கவிருக்கிறோம். குறும்படங்களின் இறுதிப் பிரதியில் உதவியவர்கள் அனைவரின் பெயரும் இடம்பெறும். உங்கள் பெயரும் முன்னெழுத்தும் திரையில் எப்படி வர வேண்டும் என்பதைத் துறை அலுவலகத்தில் உள்ள பதிவேட்டில் எழுதித் தருமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
வெளிப்புறச் செட் மாணவர் குழு