‘பசிக்கலை போல’ என்று தட்டை எடுத்துப் போகிறார்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் முதியோர் நலப் பக்கத்தில், “வயதாக ஆகப் புரதம் குறைவாகவே தேவைப்படும், பசியில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம்” என்று ஒரு வரி வந்திருந்தது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. என் அம்மா மருத்துவமனையில் கிடந்த 19 நாளும் இதையேதான் ஆளாளுக்கு வந்து சொன்னார்கள்.

அம்மாவுக்கு 78 வயது. நிமோனியா என்று சேர்த்தோம். எடை எவ்வளவு என்று கேட்டார்களே தவிர, யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை. எப்போதோ பார்த்த ஞாபகத்தில் 50 கிலோ என்றேன். படிவத்தில் அதுவே ஏறிவிட்டது. டிஸ்சார்ஜ் அன்று நானாகக் கேட்டுப் பார்த்தபோது 42. உள்ளே வரும்போதே எத்தனை குறைந்திருந்தது, அங்கே எத்தனை போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நிமோனியாவை நன்றாகவே குணப்படுத்தினார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நடந்து உள்ளே போனவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத்தான் வெளியே கூட்டி வந்தேன். மணிக்கட்டில் நின்ற கைக்கடிகாரம் முழங்கைவரை ஏறி இறங்கியது.

தட்டு வேளை தவறாமல் வந்தது. கட்டிலுக்குக் கை எட்டாத மேசையில், மூடியைக்கூடத் திறக்காமல் வைத்துவிட்டுப் போவார்கள். அம்மாவுக்கு ஒரு கையில் ஊசி போட்டுக் கட்டியிருந்தது. பல்செட் டிராயருக்குள் துணியில் சுற்றியபடி கிடந்தது. மூன்றாம் நாள்தான் எனக்கே அது நினைவுக்கு வந்தது. தயிர்க் கிண்ணத்தின் மேல் ஒட்டியிருந்த தாளை உரிக்க, நகத்தை வைத்து நெண்டி நெண்டிப் பார்த்துவிட்டு அப்படியே வைத்திருந்தார். அந்தத் தாளின் ஓரம் மட்டும் சுருண்டிருந்தது. அரைமணி கழித்து வருபவர், “பாட்டிக்குப் பசிக்கலை போல” என்று சொல்லிக்கொண்டே எடுத்துப் போவார். கேஸ் ஷீட்டில் “உணவு உட்கொண்டார்” என்று இருக்கும். நான் ஊட்டிவிடலாம் என்றால், சாப்பாடு வரும் நேரத்தில் பார்வையாளர் நேரம் முடிந்துவிடும். ஒருநாள் ஸ்கேனுக்காக முதல்நாள் இரவிலிருந்து பட்டினி போட்டு, மாலை நாலு மணிக்கு “நாளைக்குத்தான்” என்றார்கள். நாளைக்கு என்றால் மறுபடியும் பட்டினி.

கேட்டால், “குளுக்கோஸ் ஏறுதே” என்று பதில். 5 சதவீத குளுக்கோஸ் ஒரு லிட்டரில் இருப்பது 50 கிராம் சர்க்கரை. 200 கலோரிகூடத் தேறாது. புரதம் துளியும் கிடையாது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?

ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். ஒருநாள் கணக்கு இது: அரை முட்டை, 100 மில்லி பால், மூன்று ஸ்பூன் பருப்பு. எப்படிக் கூட்டினாலும் புரதம் 10 கிராம் பக்கம்தான் வந்தது. பெரியவர்களுக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம். முதியவர்களுக்கு அது போதாது என்று பன்னாட்டு நிபுணர் குழு ஒன்று 2013-லேயே சொல்லிவிட்டது: நலமாக இருப்பவருக்கு 1 முதல் 1.2 கிராம், நோயில் இருப்பவருக்கு 1.2 முதல் 1.5, மிகவும் நலிந்தவருக்கு 2 கிராம் வரை. வயதான தசை, அதே அளவு புரதத்தை இளம் தசையைப் போலப் பிடித்துக்கொள்வதில்லை. அதனால்தான் கூடுதலாகக் கேட்கிறது. 42 கிலோ என்று வைத்தாலே அம்மாவுக்கு 50 முதல் 63 கிராம் போயிருக்க வேண்டும். சிறுநீரகம் கடுமையாகப் பழுதாகி, டயாலிசிஸும் செய்யாதவர்களுக்குக் கணக்கு வேறு. அம்மாவுக்கு அந்தக் கோளாறு இல்லை.

நோயே இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கவைத்து அமெரிக்காவில் பார்த்தார்கள். காலில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போயிருந்தது. 2007-இல் வெளிவந்த ஆய்வு அது. அம்மா படுத்திருந்தது 19 நாள், காய்ச்சலோடு.

வற்புறுத்த வேண்டாம் என்கிறீர்கள். சரி. உதவி செய்யலாம் அல்லவா? பிரிட்டனில் பல மருத்துவமனைகளில், சாப்பிட உதவி தேவைப்படுபவருக்குச் சிவப்புத் தட்டில் கொடுக்கிறார்கள், பார்த்ததும் தெரியட்டும் என்று. சுவிட்சர்லாந்தில் எட்டு மருத்துவமனைகளில், ஊட்டம் குறைந்துபோகும் நிலையில் இருந்த 2,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளில் ஒரு பாதிப் பேருக்கு, ஆளுக்கேற்றபடி கலோரியும் புரதமும் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். வழக்கமான சாப்பாட்டில் விடப்பட்டவர்களில் 30 நாளுக்குள் நூற்றுக்குப் பத்துப் பேர் இறந்தார்கள். கணக்குப் போட்டுக் கொடுத்தவர்களில் ஏழு பேர். 2019-இல் வந்த முடிவு இது. நூற்றுக்கு அந்த மூன்று பேரைத்தான் நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

உங்கள் இதழை 22 வருடமாக வாங்குகிறேன். இடுப்பு குறைய, தொப்பை குறைய என்று எத்தனை சிறப்புப் பக்கங்கள்! உடற்பயிற்சிக்கூடத்துக்குப் போகும் பிள்ளைகளுக்குப் புரதப் பவுடரைப் பற்றி நான்கு வாரம் எழுதினீர்கள். கட்டிலில் கரைந்துபோகிறவர்களைப் பற்றி ஒரு பத்தி வந்ததாக நினைவில்லை. இரண்டு வருடம் முன்பு இதைக் கேட்டு ஒரு கடிதம் போட்டேன். அது வரவில்லை. இடமிருந்திருக்காது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

நான் கேட்பது பெரிதில்லை. அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில், அந்த வரி தவறு என்று ஒரு திருத்தம் போடுங்கள். கூடவே, வீட்டுப் பெரியவர்களை மருத்துவமனையில் சேர்த்தால் அன்றைக்கே எடை பார்க்கச் சொல்லுங்கள், வாரம் ஒருமுறை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள் என்று வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கடிதத்தைச் சுருக்க வேண்டியிருந்தால் என் மனக்குறையை வெட்டிக்கொள்ளுங்கள், கிராம் கணக்கை மட்டும் விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி