படக்கதை வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பொதுக்குழுவிற்கு வருகை தந்துள்ள வாசக நண்பர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் இரண்டாம் ஞாயிறு மாலைகளில் வழக்கம்போல் நடைபெற்றன. கோடை விடுமுறையில் சிறுவர் ஓவியப் போட்டியும், தை மாதத்தில் பழைய இதழ்ப் பரிமாற்றமும் நடந்தேறின. நூலக அலமாரிக்குப் புதுப் பூட்டு போடப்பட்டது.

இவ்வாண்டின் முதன்மைப் பணி, ஜெர்ரி சீகலின் எழுத்து வாழ்க்கையை முழுமையாக மதிப்பிடும் தொடர் அமர்வுகள். அமெரிக்க எழுத்தாளர் ஒருவருக்காக ஓராண்டைச் செலவிடத்தான் வேண்டுமா என்ற கேள்வி செயற்குழுவிலேயே எழுந்ததால், அதற்கான விடையைப் பதிவு செய்யும் கடமை எனக்கு உள்ளது. 1980களில் சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸில் நாம் விழுந்து விழுந்து படித்த, ஸ்பைடர் என்ற குற்றச் சக்கரவர்த்தியின் கதைகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர் இவர்தான். டெட் கோவன் எழுத, ரெஜ் பன் வரைய, 1965இல் இங்கிலாந்தின் லயன் வார இதழில் தொடங்கிய அத்தொடரை, சில கதைகளுக்குப் பின் சீகல் ஏற்றுக்கொண்டார். எழுதியவர் பெயரை அச்சிடும் வழக்கம் அவ்விதழ்களில் இல்லாததால், சூப்பர்மேனை உருவாக்கியவரின் கதையைத்தான் படிக்கிறோம் என்பது நம்மில் எவருக்கும் அன்று தெரியாது.

சீகலைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் சூப்பர்மேன் முதன்முதலாக வெளிவந்த 1938ஐச் சொல்லிவிட்டு அவருடைய முதுமைக்குத் தாவிவிடுகிறார்கள். கிளீவ்லாந்து நகரப் பள்ளி நண்பர்களான சீகலும் ஓவியர் ஜோ ஷஸ்டரும் பக்கத்துக்குப் 10 டாலர் வீதம் 13 பக்கங்களுக்கு 130 டாலர் பெற்றுக்கொண்டு, சூப்பர்மேனின் உரிமை முழுவதையும் பதிப்பு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். 1947இல் அந்நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்து, அடுத்த ஆண்டு ஏறத்தாழ 94,000 டாலருக்குச் சமரசமாகி, வேலையையும் கதையின் தலைப்பில் இருந்த தம் பெயர்களையும் இழந்தார்கள். இவை மெய்யே, ஆனால் ஓர் எழுத்தாளரை அவருக்கு இழைக்கப்பட்ட அநீதியைக் கொண்டு மட்டும் அளப்பதும் ஒருவகையில் அவரை மறைப்பதே என்பது என் உறுதியான கருத்து.

சீகலின் எழுத்து முதிர்ந்தது 1959க்குப் பிறகு, நாற்பத்தைந்து வயதை நெருங்கிய நிலையில், வயிற்றுப்பாட்டுக்காக அதே நிறுவனத்துக்குத் திரும்பிப் பெயரில்லாமல் எழுதிய ஆண்டுகளில்தான். 1960ஆம் ஆண்டின் 141ஆம் சூப்பர்மேன் இதழை மூன்றாம் அமர்வில் பக்கம் பக்கமாகப் படித்தோம். தான் பிறந்த கிரகமான கிரிப்டன் வெடிப்பதற்கு முந்தைய காலத்துக்குப் போய்ச் சேரும் சூப்பர்மேன், தன் பெற்றோரை ஒத்த வயதினனாகச் சந்திக்கிறான். லைலா என்ற நடிகையைக் காதலிக்கிறான். அனைவரும் அழியப்போவது தெரிந்திருந்தும் அங்கேயே தங்கிவிட விரும்புகிறான். 1932இல், சீகலுக்குப் பதினேழு வயதிருக்கும்போது, அவருடைய தந்தை தம் துணிக்கடையில் நடந்த கொள்ளையின்போது உயிரிழந்தார். அதை நினைவில் வைத்துக்கொண்டு தந்தையும் மகனும் பேசும் கட்டங்களைப் படித்தவர்கள், இது வெறும் சாகசக் கதை என்று சொல்ல மாட்டார்கள்.

1961இன் 149ஆம் இதழில், திருந்தியவனாக நடிக்கும் பரம எதிரி லூத்தர் புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்து, நண்பனாகிச் சூப்பர்மேனைக் கொன்றுவிடுகிறான். விசாரிக்கும், கிரிப்டனைச் சேர்ந்த காண்டார் நகரத்தாரிடம், சுருங்கிப்போன உங்கள் நகரைப் பெரிதாக்கித் தருகிறேன், என்னை விட்டுவிடுங்கள் என்று பேரம் பேசுகிறான். கொலைகாரனோடு பேரமில்லை என்று அவர்கள் மறுத்துவிடுகிறார்கள். கற்பனைக் கதை என்று அடையாளமிட்டே வெளியிடப்பட்ட அதில், கடைசி நொடியில் காப்பாற்ற எவரும் வரவில்லை.

ஸ்பைடரையும் இந்த வரிசையில் வைத்தே பார்க்க வேண்டும். ஹெலிகார் என்ற பறக்கும் வண்டியும் வலைத் துப்பாக்கியுமாக, கையாட்களான பெல்ஹாமையும் ஆர்டினியையும் அதட்டிக்கொண்டு, தன்னைத் தானே வாயாரப் புகழ்ந்துகொள்ளும் குற்றச் சக்கரவர்த்தியை, தன்னிலும் கொடியவர்களை எதிர்க்க வைத்து நாயகனாக்கியதில் சீகலின் கைவண்ணம் தெரிகிறது. குறைகளையும் அமர்வுகள் மறைக்கவில்லை. ஸ்பைடர் கதைகளில் தற்செயல்கள் மிகுதி. 1948இல் ஷஸ்டரோடு தொடங்கிய ஃபன்னிமேன் ஆறு இதழ்களில் நின்றது. ஆர்ச்சி நிறுவனத்துக்கு 1960களின் நடுவில் எழுதிய நாயகக் கதைகள் இன்று சலிப்பூட்டுகின்றன. 1975இல் அவர் பகிரங்கமாகக் குரலெழுப்பி, நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் போன்ற ஓவியர்கள் துணைநின்ற பிறகே, ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும் சூப்பர்மேன் கதைகளில் பெயரும் அவருக்கும் ஷஸ்டருக்கும் கிடைத்தன.

இத்தனை விரிவாக நடந்த அமர்வுகளில் பல நாற்காலிகள் காலியாகவே இருந்தன என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன். பரிமாற்ற நாளன்று காலை ஆறு மணிக்கே வாசலில் நின்ற நண்பர்கள், அந்த இதழ்களை எழுதியவரைப் பற்றிப் பேசும் மாலைகளில் வரவில்லை. ஸ்பைடர் இதழ் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தயங்காத உறுப்பினர்கள் சிலரின் ஆண்டுச் சந்தா சென்ற ஆண்டிலிருந்தே நிலுவையில் உள்ளது. கட்டுரை தருவதாக மேடையில் ஒப்புக்கொண்டவர்களில் சிலர் இன்னும் தரவில்லை. வேலையும் குடும்பமும் எல்லோருக்கும் உண்டு என்பதை அறிவேன். ஒரு தொலைபேசி அழைப்பாவது வந்திருக்கலாம்.

வரவு செலவைப் பொறுத்தவரை, அரங்க வாடகை, தேநீர், ஒளிநகல் போக எஞ்சியது மிகச் சொற்பமே. தணிக்கை செய்யப்பட்ட கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

அரங்கம் தந்து உதவியவர்களுக்கும், பழைய இதழ்களை நம்பி இரவல் கொடுத்த மூத்த சேகரிப்பாளர்களுக்கும், போட்டி நடுவர்களுக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி உரித்தாகுக.

அமர்வுக் கட்டுரைகளைத் தொகுத்துச் சீகல் மதிப்பீட்டு மலர் வெளியிடுவதே வரும் ஆண்டுக்கான திட்டம். கையெழுத்துப் படியில் பாதிக்கு மேல் தயாராக உள்ளது. அச்சகத்துக்கு முன்பணம் கொடுக்கும் நிலையில் வட்டம் இல்லை. நிலுவைச் சந்தா மட்டும் வந்து சேர்ந்தாலே முதல் படிவங்களை அச்சுக்குக் கொடுத்துவிடலாம். ஸ்பைடர் குறித்த இரண்டு கட்டுரைகள் இன்னும் தேவைப்படுகின்றன. எழுத விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம். பொருளாளரும் ரசீதுப் புத்தகத்துடன் அரங்கிலேயே இருப்பார்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்