நம்ம ஊர்ப் பெயரில் ஒரு கப்பல்

ஈஸ்ட்ஹாம், லண்டன்
ஆகஸ்ட் 4

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நாங்கள் இருவரும் நல்ல சுகம். உங்கள் சுகத்துக்குக் கோணேசர் துணை. வாட்ஸ்அப்பில் கதைக்கிற காலத்தில் என்ன கடிதம் என்று தம்பி சிரிப்பான். சிரிக்கட்டும். அப்பாவுக்குப் போனில் காது சரியாகக் கேட்பதில்லை. அம்மாவிடம் சொல்லிவிட்டால் பாதியைத் தனக்குப் பிடித்தமாதிரி மாற்றிச் சொல்லுவா. இந்த விஷயம் அப்பாவிடம் ஒரு எழுத்துக் குறையாமல் போய்ச் சேரவேண்டும்.

போன கிழமை எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் மூன்று நாள் லீவு கிடைத்தது. இங்கே வந்த மூன்று வருடத்தில் இதுதான் முதல் தடவை. இவருக்கு வேர்ஹவுஸில் இரவு வேலை, எனக்கு முதியோர் இல்லத்தில் பகல் வேலை. ஒருவர் கதவைத் திறக்க மற்றவர் சப்பாத்துப் போடுவார். சில நாட்களில் குசினி மேசையில் மூடி வைத்த சோற்றுக் கோப்பைதான் எங்களுக்குள் பேச்சுவார்த்தை. கோடை வந்தால் இந்த நாட்டுச் சனமெல்லாம் கடற்கரைக்கு ஓடும். பக்கத்தில்தானே, பிரைட்டனுக்குப் போவோம் என்றார் இவர். நான்தான் பிடிவாதம் பிடித்து, வடக்கே ரெயிலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் போகவேண்டிய ஹார்ட்டில்பூல் என்ற ஊருக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

காரணம், நான் வேலை செய்கிற இல்லத்தில் இருக்கும் ஒரு தாத்தா. 91 வயது. மாசி மாதம் ஒருநாள் காலைத் தேத்தண்ணி கொடுக்கப் போனபோது எந்த நாடு என்று கேட்டார். இலங்கை என்றேன். இலங்கையில் எங்கே என்றார். அந்த இரண்டாவது கேள்வியை இங்கே யாரும் கேட்பதில்லை. திருகோணமலை என்றேன். காதுக் கருவியைத் திருகிச் சரிசெய்துவிட்டு, இன்னொரு தரம் சொல் என்றார். சொன்னேன். "ரிங்கோவா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இளவயதில் நேவியில் இருந்தவராம். 1957இல் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தார்களே, அதற்குச் சில வருடம் முன்பு அவருடைய கப்பல் நம் துறைமுகத்தில் நின்றிருக்கிறது. வெயிலைச் சொன்னார், கோட்டைக்குள் நின்ற மான்களைச் சொன்னார். கடைசியில், "உன் ஊர்ப் பெயரில் ஒரு கப்பல் என் ஊரில் நிற்கிறது, போய்ப் பார்" என்றார்.

அப்பா, முப்பது வருடம் துறைமுகத்தில் வேலை செய்தீர்களே, இப்படி ஒரு கப்பல் இருப்பதாக யாராவது உங்களிடம் சொன்னதுண்டா?

ஆடி மாதம் அல்லவா, அங்கே கச்சான் காற்று அடித்து மணலில் கால் வைக்க முடியாமல் இருக்கும். இங்கே ரெயிலால் இறங்கினால் ஊரையே காணவில்லை. கடலிலிருந்து வெள்ளைப் புகார் எழும்பி வந்து வீடுகளை மூடிக்கொண்டிருந்தது. அதை இந்தப் பக்கத்துச் சனம் 'ஃப்ரெட்' என்கிறார்கள். வெயில் நாளிலும் திடீரென்று வருமாம். மார்கழி வாடையில் டச்சுக்குடாப் பக்கம் நிற்கிறமாதிரி இருந்தது, மழை மட்டும்தான் இல்லை. நாங்கள் தங்கிய வீட்டுக்கார அம்மா கதவைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, "ரிங்கோமலீ பார்க்கவா வந்தீர்கள்?"

"நான் பிறந்ததே அங்கேதான்" என்றேன்.

கப்பலில் பிறந்தவள் என்று நினைத்தாரோ என்னவோ, கொஞ்ச நேரம் வாய் திறக்கவில்லை. பிறகு போனில் வரைபடம் எடுத்துக் காட்டினேன். அந்த ஊரில் 'ரிங்கோமலீ' என்றால் கப்பல்தான் அப்பா. அப்படி ஒரு ஊர் இருப்பதும், அங்கே சனம் சந்தைக்குப் போவதும் வருவதும் அவர்களுக்குப் புதினம்.

அடுத்த நாள் புகார் விலகிவிட்டது. காலையிலேயே போய்விட்டோம். பழைய துறைமுகத்து வீதிமாதிரிக் கட்டி, அதன் நடுவில் தண்ணீரில் மிதக்க விட்டிருக்கிறார்கள். கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட உடம்பு, மூன்று பாய்மரம், அண்ணாந்து பார்த்தால் பிடரி நோகிற உயரம். பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் நம் ஊரின் பெயர். நான் ஒன்றும் சொல்லாமல் நின்றேன். இவர் போட்டோ எடுக்க மறந்துபோய் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உள்ளே விளக்கம் சொல்ல ஒரு பெரியவர் இருந்தார், சம்பளம் இல்லாமல் விருப்பத்துக்கு வந்து செய்கிறவர். அவர் சொன்னதையும் பலகைகளில் வாசித்ததையும் எழுதுகிறேன். இங்கிலாந்தில் ஓக் மரம் தட்டுப்பாடாக இருந்த காலம். அதனால் இந்தக் கப்பலைப் பம்பாயில் மலபார்த் தேக்கில் கட்டியிருக்கிறார்கள். கட்டியவர்கள் வாடியா என்ற பார்சிக் குடும்பம். முதலில் அனுப்பிய வரைபடம் கடலோடு போய்விட்டது. அதைக் கொண்டுபோன கப்பலை 1812இல் அமெரிக்கர்கள் அழித்துவிட்டார்களாம், பிறகு வேறு வரைபடம் அனுப்ப வேண்டியதாயிற்று. அடிமரம் வைத்தபோது எழுத்துப் பொறித்த வெள்ளி ஆணி ஒன்றை அதில் அடித்திருக்கிறார்கள், பார்சிகளின் வழக்கப்படி. அதைக் கேட்டதும் எனக்கு, நம் வீட்டு நிலை வைத்த அன்று அம்மா அடியில் காசும் நவதானியமும் போட்டது ஞாபகம் வந்தது. 1817 ஒக்டோபர் 12 அன்று கடலில் இறக்கினார்கள். இன்றைக்கும் மிதக்கிறது. பாதிக்கு மேல் பழைய மரம்தானாம். தடவிப் பார்த்தேன் அப்பா, அப்பம்மாவின் பெட்டகத்தின் அதே நிறம், அதே வழுவழுப்பு.

கீழ்த்தட்டில் இவரால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. மாலுமிகள் படுப்பதற்கு ஏணைமாதிரித் துணி கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஆளுக்கு 14 அங்குல அகலம். அதற்குள் எப்படிப் படுப்பது என்று கேட்டேன். பாதிப் பேர் மேலே காவலில் நிற்கும்போது மற்றப் பாதிப் பேர் தூங்குவார்கள், அதனால் சமாளித்தார்கள் என்றார் பெரியவர். இவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "நம்ம வீடுதான்" என்றார். பெரியவருக்கு நாங்கள் ஏன் சிரிக்கிறோம் என்று விளங்கவில்லை.

ஏன் நம் ஊர்ப் பெயர்? 1782இல் நம் துறைமுகத்துக்காக நடந்த சண்டையின் நினைவாகவாம். அந்த ஒரு வருடத்துக் கதையைக் கேட்டால் கிளித்தட்டு விளையாட்டுமாதிரி இருக்கும். தை மாதத்தில் ஒல்லாந்தரிடமிருந்து இங்கிலீஷ்காரர் பிடித்தார்கள். ஓகஸ்டில் பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள். செப்டம்பர் 3 அன்று வெளிக்கடலில் இரண்டு பக்கத்துக் கப்பல்களும் மோதின. அப்புறம் சமாதானம் பேசித் திரும்பவும் ஒல்லாந்தரிடமே கொடுத்தார்கள். 1795இல் மறுபடியும் இங்கிலீஷ்காரர். எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. இதைக் கேட்கக் கேட்க மனதில் ஏதோ உறுத்தியது. சண்டை பிடித்த அட்மிரல்மாரின் பெயர் இருக்கிறது, ஊரின் பெயர் இருக்கிறது, ஊரில் இருந்த ஒரு மனிதரின் பெயர் கூட இல்லை. கப்பலின் முன்முனையில் தலைப்பாகை கட்டிய ஓர் ஆளின் சிலை வைத்திருக்கிறார்கள். பார்த்தால் நம் பக்கத்து ஆள்மாதிரியே இல்லை. யாரோ கேள்விப்பட்டுச் செதுக்கியது.

இன்னொன்று. 1897இல் இதை ஒருவர் வாங்கி, பெயரை மாற்றி, ஏதோ பிரெஞ்சுப் பெயர் வைத்துவிட்டார். அந்தப் பெயரோடுதான் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற கப்பலாகத் தொண்ணூறு வருடம் கிடந்தது. 1987இல் ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுவந்து, பழைய பெயரையும் திரும்பக் கொடுத்து, 2001இல்தான் திருத்தி முடித்தார்கள். வேலையிடத்தில் என் பெயரைப் பாதியாக வெட்டித்தான் கூப்பிடுகிறார்கள். அதைப் பெரியவரிடம் சொன்னேன். அவர் உடனே தொப்பியைக் கழற்றிவிட்டு, உன் ஊர்ப் பெயரைச் சரியாக எப்படிச் சொல்வது என்று கேட்டார். திரு, கோணம், மலை என்று பிரித்துச் சொல்லிக்கொடுத்தேன். 'ழ' இல்லாத பெயராகப் போனது அவருடைய அதிர்ஷ்டம். ஐந்தாறு தரம் முயன்று, சட்டைப் பையிலிருந்த சின்னக் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

பின்னேரம் ஹெட்லண்ட் என்கிற பழைய ஊர்ப்பகுதிக்குப் போனோம். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற முனை, நம் கோட்டை முனைமாதிரி, ஆனால் மலை இல்லை, தட்டை. 7ஆம் நூற்றாண்டில் அங்கே ஒரு மடம் இருந்ததாம். ஆண்களும் பெண்களும் இருந்த மடத்துக்கு ஹில்டா என்ற பெண்தான் தலைவி. அவர் பெயரில் பழைய கல்லுத் தேவாலயம் நிற்கிறது. கடற்கரையோரம் பழைய மதில், மதிலில் ஒரு வாசல். ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்தில் ஒரு பலகை. நான் நின்று நின்று எல்லாவற்றையும் வாசித்தேன். அப்போதுதான் வெட்கமாக இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போகும்போது கோட்டை வாசலில் அப்பா நிறுத்துவீர்களே. கல்லில் இருக்கிற இரட்டை மீனைப் பார், குளக்கோட்டன் என்ற அரசனின் பெயர் எழுதியிருப்பதை வாசி, 1622இல் போர்த்துக்கீசப் பறங்கியர் இடித்த கோயிலின் கல்தான் இந்தக் கோட்டை என்று சொல்வீர்கள். நான் மான் பார்க்க ஓடிவிடுவேன். அடுத்த தரம் வரும்போது நின்று வாசிக்கிறேன், சத்தியமாக.

அந்த முனையில்தான் 1914 டிசம்பர் 16 காலை ஜெர்மன் கப்பல்கள் வந்து குண்டு போட்டிருக்கின்றன. பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் புறப்படுகிற நேரம். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அந்த இடத்தில் நின்றபோது, 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான்காரன் வந்த கதையை அப்பப்பா சொல்வது ஞாபகம் வந்தது. சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிக்குள் பிளேன் விழுந்து எரிந்த கதையை நான் சொல்ல, இவர் முதல்தரம் கேட்கிறவர்போலக் கேட்டார். மட்டக்களப்பு ஆள், அப்படித்தான்.

அம்மாவுக்கு ஒரு சிரிப்புக் கதை. நெப்போலியன் காலத்தில் ஒரு பிரெஞ்சுக் கப்பல் உடைந்து, அதிலிருந்த குரங்கு மட்டும் கரை ஒதுங்கியதாம். மீனவர்கள் பிரெஞ்சுக்காரனையும் கண்டதில்லை, குரங்கையும் கண்டதில்லை. ஒற்றன் என்று நினைத்துத் தூக்கில் போட்டுவிட்டார்களாம். நடந்ததோ இல்லையோ, ஊருக்கு அந்தப் பட்டம் நிலைத்துவிட்டது. ஊர்க் கால்பந்துக் கழகத்துக்குக் குரங்கு வேஷம் போட்டு ஆடிய பையன் 2002இல் மேயர் தேர்தலில் நின்றான். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச வாழைப்பழம் என்று வாக்குறுதி கொடுத்து, வென்றும் விட்டான்! பிறகும் இரண்டு தரம் வென்றிருக்கிறான். கோணேசர் கோயிலடிக் குரங்குகள் அர்ச்சனைத் தட்டில் பழம் பறிப்பதைப் பார்த்தால், அங்கேயும் யாராவது தேர்தலில் நிறுத்தலாம்.

சாப்பாட்டைப் பற்றி அம்மா கேட்பா. பொரித்த மீனும் உருளைக்கிழங்கும்தான். வடக்கே பல கடைகளில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள் என்று இல்லத்துத் தாத்தா முன்கூட்டியே சொல்லியிருந்தார். கேட்டுக் கேட்டு நாலாவது கடையில்தான் தாவர எண்ணெய் என்றார்கள். மீன் நல்ல மீன், வெள்ளைச் சதை, முள் இல்லை. உப்பையும் வினாகிரியையும் தவிர அதற்கு வேறு ஒன்றும் தெரியாது. இவர் சட்டைப் பையிலிருந்து மாமி இடித்துக் கொடுத்த மிளகாய்த்தூள் போத்தலை எடுத்தார். பக்கத்தில் இருந்தவர்கள் மருந்து என்று நினைத்திருப்பார்கள்.

கடைசி நாள் சீற்றன் கேரூ என்ற கடற்கரை. நீளமான நல்ல மணல், தெற்கே பார்த்தால் அணுமின் நிலையம். நிலாவெளியில் கழுத்தளவு தண்ணீரில் நின்று மணிக்கணக்காகக் கதைப்போமே, அந்த நினைப்பில் இவர் காற்சட்டையை மடித்துவிட்டு வீரமாக இறங்கினார். பத்து எண்ணவில்லை, கரைக்கு வந்துவிட்டார். இங்கத்தைப் பிள்ளைகள் அதே தண்ணீரில் கும்மாளம் போடுகிறார்கள். நாங்கள் ஒரு போர்வைக்குள் இருந்து பார்த்தோம். இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம். மூன்று வருடத்தில் இவரோடு இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் கதைத்தது அன்றுதான். என்ன கதைத்தோம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் தாத்தாவிடம் போட்டோக்களைக் காட்டினேன். தன் ஊரை அவ்வளவாகப் பார்க்கவில்லை. "உன் துறைமுகம் இப்போது எப்படி இருக்கிறது? உள்ளே நின்றால் கடல் எந்தப் பக்கம் என்றே தெரியாது, சுற்றிவர மலை, ஏரிமாதிரி இருக்கும்" என்றார். அப்பா, ஒரு பின்னேரம் தம்பியைக் கூட்டிக்கொண்டு உட்துறைமுகப் பக்கம் போய், எதிர்க்கரை மலை தெரிகிறமாதிரி ஒரு படம் எடுத்து அனுப்புவீர்களா? பெரிதாக அச்சடித்து அவருடைய கட்டிலுக்கு நேரே ஒட்டப் போகிறேன். வெயில் தாழ்ந்த பிறகு போங்கள்.

அடுத்த மாதம் ஊருக்கு வருகிற சிநேகிதியிடம் கப்பலின் படமும் பெயரும் போட்ட ஒரு கோப்பை கொடுத்துவிடுகிறேன். அது அப்பா தேத்தண்ணி குடிக்க. அம்மா அதைக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டக்கூடாது. அவள் திரும்பி வரும்போது மிளகாய்த்தூளும் கொஞ்சம் நெத்தலிக் கருவாடும் கொடுத்துவிடுங்கள். நன்றாகச் சுற்றிக் கட்டுங்கள், போன தரம் அவளுடைய சேலை எல்லாம் மணத்துவிட்டது.

இப்படிக்கு
உங்கள் அன்பு மகள்